கண்ணாடியை உடைத்துப் பார்த்தவர்

உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுத்த எவருக்கும் தகைப்பு – விகார வரைபு தெரியும். கம்பியொன்றின் நுனியில் எடையைத் தொங்கவிட்டு, அது எவ்வளவு நீள்கிறது என்று அளந்து, புள்ளிகளைக் குறித்துக் கோடு கீறுவோம். கோடு முதலில் நேராகப் போகும். பிறகு வளையும். கடைசியில் ஓரிடத்தில் நின்றுவிடும். அந்த இடத்தில் உடையும் புள்ளி என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவோம். ஹூக்கின் விதியும் யங்கின் மட்டும் அந்தக் கோட்டின் தொடக்கத்துக்கு உரியவை. முடிவில் இருக்கும் அந்த ஒரு புள்ளிக்கு எங்கள் பாடத்தில் யாருடைய பெயரும் இல்லை.

அந்தப் புள்ளியைப் பற்றியே யோசித்த ஒருவர் இருந்தார் என்பதை நூலகத்தில் கிடைத்த ஒரு பழைய புத்தகத்தில் படித்தேன். அவர் பெயர் அலன் ஆர்னல்ட் கிரிஃபித். இங்கிலாந்துக்காரர், விமானப் பொறியியலாளர். பொருட்கள் ஏன் உடைகின்றன என்ற கேள்விக்குச் சரியான விடையை முதன்முதலில் எழுதியவர். பொறியியல் உலகில் அவர் பெயரைத் தெரியாதவர் இல்லை. எங்கள் சஞ்சிகையில் கவிஞர்களையும் கல்விமான்களையும் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. இந்த முறை ஒரு பொறியியலாளரைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

கிரிஃபித் 1893 ஜூன் 13 அன்று லண்டனில் பிறந்தார். அவருடைய தந்தை ஜோர்ஜ் கிரிஃபித் அந்தக் காலத்தில் பெயர்பெற்ற நாவலாசிரியர். வானத்தில் பறக்கும் போர்க்கப்பல்கள் உலகத்தைக் கைப்பற்றுவதாக அவர் எழுதிய நாவல், மகன் பிறந்த அதே 1893 இல்தான் வார இதழொன்றில் தொடர்கதையாக வந்தது. ரைட் சகோதரர்கள் பறப்பதற்கு 10 வருடங்களுக்கு முன்னர்! மறுவருடம் ஒரு பத்திரிகைக்காக 65 நாட்களில் உலகத்தைச் சுற்றி வந்தார் அந்தத் தந்தை. 1906 இல் அவர் இறந்தபோது மகன் இன்னும் பாடசாலைச் சிறுவன். அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே கடலில் இருக்கும் மான் தீவில் படித்து, புலமைப்பரிசில் பெற்று, லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியலில் முதல் வகுப்பில் தேறினார். தந்தை கற்பனையில் பறக்கவிட்ட விமானங்களின் எலும்புகளைக் கணக்குப் பார்ப்பது மகனுக்குத் தொழிலாயிற்று.

1915 இல், முதலாம் உலகப் போரின் நடுவில், ஃபார்ன்பரோ என்ற ஊரிலிருந்த அரச விமானத் தொழிற்சாலையில் அவர் சேர்ந்தார். பிற்பாடு அதுவே அரச விமான ஆராய்ச்சி நிலையமாக மாறியது. அங்கு அவருக்குக் கிடைத்த முதல் பெயர் கொஞ்சம் வேடிக்கையானது: சவர்க்காரக் குமிழி கிரிஃபித்.

அதற்குக் காரணம் இருந்தது. ஒரு தண்டை முறுக்கினால் அதற்குள் தகைப்பு எப்படிப் பரவுகிறது என்பது விமானம் கட்டுபவர்களுக்குத் தெரிய வேண்டும். தண்டு உருண்டையாக இருந்தால் கணக்கு எளிது. விமானத்தின் உறுப்புகளோ உருண்டையாக இருப்பதில்லை. கோணலான வெட்டுமுகம் கொண்ட உறுப்புக்குச் சமன்பாட்டைத் தீர்ப்பது அந்தக் காலத்தில் ஏறக்குறைய முடியாத காரியம். ஆனால் ஜேர்மனியின் லூட்விக் பிரான்ட்ல் 1903 இல் ஒரு விசித்திரமான ஒற்றுமையைக் கண்டிருந்தார். முறுக்கப்பட்ட தண்டுக்கு உரிய சமன்பாடும், ஊதிப் புடைக்க வைத்த ஒரு சவர்க்காரப் படலத்துக்கு உரிய சமன்பாடும் ஒன்றுதான். ஜி. ஐ. டெய்லர் என்ற கணித மேதையுடன் சேர்ந்து கிரிஃபித் இதைப் பயன்படுத்தினார். உலோகத் தகட்டில் உறுப்பின் வெட்டுமுக வடிவத்திலேயே ஒரு துளை வெட்ட வேண்டும். துளைக்குக் குறுக்கே சவர்க்காரப் படலத்தைப் பிடித்து, சற்றே ஊதிவிட வேண்டும். படலம் எங்கே செங்குத்தாகச் சரிகிறதோ அங்கே தகைப்பு அதிகம். படலத்தின் அடியிலிருக்கும் கனவளவிலிருந்து, தண்டு எவ்வளவு முறுக்கத்தைத் தாங்கும் என்று கணக்கிடலாம். 1917 இல் வெளிவந்த இந்தக் கட்டுரைக்கு இயந்திரப் பொறியியலாளர் நிறுவனம் பதக்கம் கொடுத்தது. போர் நடந்துகொண்டிருக்கிறது, அரசாங்கத்தின் விமானத் தொழிற்சாலையில் இரண்டு பெரிய மனிதர்கள் உட்கார்ந்து சவர்க்காரக் குமிழி ஊதுகிறார்கள். மேலதிகாரிகள் அதை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நினைக்கும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது.

இனி அந்தப் புள்ளிக்கு வருவோம்.

விமான உறுப்புகளின் மேற்பரப்பில் இருக்கும் மெல்லிய கீறல்கள் அவற்றின் வலிமையைக் குறைக்கின்றன என்பது அப்போதே தெரிந்திருந்தது. 1913 இல் இங்லிஸ் என்ற பேராசிரியர், தகடொன்றில் நீள்வட்டத் துளை இருந்தால் அதன் முனையில் தகைப்பு எத்தனை மடங்கு கூடும் என்று கணக்கிட்டுக் காட்டியிருந்தார். இழுக்கும் திசைக்குக் குறுக்காகக் கிடக்கும் துளையின் நீளம் அகலத்தைப் போல் 10 மடங்கு என்றால், முனையில் தகைப்பு 21 மடங்கு. துளை ஒடுங்க ஒடுங்க இந்த எண்ணும் ஏறிக்கொண்டே போகும். மயிரிழை போன்ற கூரிய கீறலுக்கு அது முடிவிலியை நோக்கிப் போய்விடும். அப்படியானால் கீறல் விழுந்த எந்தப் பொருளும் தொட்டவுடனேயே உடைய வேண்டும் அல்லவா? கீறல் இல்லாத பொருள் உலகத்தில் ஏது? எங்கள் சமையலறையிலுள்ள ஒவ்வொரு தேநீர்க் கோப்பையிலும் கீறல் இருக்கிறது. அவை வருடக்கணக்காக உடையாமல்தான் இருக்கின்றன.

இந்த முரண்பாட்டைத் தீர்க்கக் கிரிஃபித் தெரிவுசெய்த பொருள் கண்ணாடி. உலோகம் உடைவதற்கு முன் நெளியும், நீளும், கணக்கைக் குழப்பும். கண்ணாடி கடைசிவரை நேராக நின்று சட்டென்று உடையும். கணக்குக்கு அது நேர்மையான பொருள்.

அவருடைய விடையை எங்கள் வாப்பாவின் கடைக் கணக்கைப் போல விளங்கிக்கொள்ளலாம். ஒரு வெடிப்பு வளர வேண்டுமானால் செலவு உண்டு. வளரும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு புதிய மேற்பரப்புகள் உண்டாகின்றன. நாங்கள் படிக்கும் மேற்பரப்பு இழுவிசை திரவங்களுக்கு மட்டும் உரியதன்று, திண்மங்களின் மேற்பரப்பை உண்டாக்கவும் சக்தி வேண்டும். அதேவேளை வெடிப்புக்கு வருமானமும் உண்டு. இழுபட்டு நிற்கும் கண்ணாடிக்குள் மீள்தன்மைச் சக்தி சேர்ந்திருக்கிறது. வெடிப்பு திறக்கும்போது அதன் இருபுறமும் உள்ள பகுதி தளர்ந்து அந்தச் சக்தியை விட்டுக்கொடுக்கிறது. வெடிப்பின் நீளம் இரண்டு மடங்கானால் செலவு இரண்டு மடங்கு. வருமானமோ நான்கு மடங்கு, ஏனென்றால் அது நீளத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. சிறிய வெடிப்புக்கு ஓரடி முன்னே போவதே நட்டம், ஆகவே அது வருடக்கணக்கில் அசையாமல் கிடக்கும். ஒரு குறிப்பிட்ட நீளத்தைத் தாண்டிவிட்டால் முன்னே போகப் போக இலாபம். பிறகு அதை நிறுத்த ஆளில்லை.

கண்ணாடிக் கடையில் வேலை செய்பவரைக் கவனித்திருக்கிறீர்களா? வைர முனையால் கண்ணாடியின் மேல் ஒரே ஒரு கோடு கீறுவார். பிறகு மேசை விளிம்பில் வைத்து மெதுவாக வளைப்பார். கீறிய கோட்டிலேயே இரண்டாகும். வைரம் கண்ணாடியை வெட்டுகிறது என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். வைரம் ஒரு வெடிப்பைத் தொடங்கி வைக்கிறது, மிகுதி வேலையைக் கண்ணாடிக்குள் சேர்ந்திருக்கும் சக்தியே பார்த்துக்கொள்கிறது.

கணக்கோடு அவர் நிற்கவில்லை. மெல்லிய கண்ணாடிக் குமிழ்களையும் குழாய்களையும் எடுத்து, வேண்டுமென்றே அவற்றில் வெடிப்புகளை உண்டாக்கினார். சில மில்லிமீற்றரில் தொடங்கி 2 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல் வரை பல நீளங்களில். பிறகு உள்ளே அழுத்தம் கொடுத்து உடைத்தார். உடைக்கும் தகைப்பை வெடிப்பு நீளத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே எண் வந்தது. கண்ணாடியின் மேற்பரப்பு இழுவிசையை உயர்ந்த வெப்பநிலைகளில் அளந்து, அதிலிருந்து அறை வெப்பநிலைக்குரிய பெறுமானத்தைக் கணித்திருந்தார். அதைச் சூத்திரத்தில் இட்டபோதும் விடை நெருங்கி வந்தது.

அதற்குப் பிறகு அவர் செய்ததே எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. கீறல்தான் கண்ணாடியைப் பலவீனமாக்குகிறது என்றால், பெரிய கீறலுக்கு இடமே இல்லாத அளவுக்கு ஒல்லியான கண்ணாடி மிகவும் வலிமையாக இருக்க வேண்டும். கண்ணாடியை உருக்கி நூல்போல் இழுத்து ஒவ்வோர் இழையையும் அறுத்துப் பார்த்தார். ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் பருமனான இழை, சதுர அங்குலத்துக்கு 24,900 இறாத்தலில் அறுந்தது. பருமனைக் குறைக்கக் குறைக்க எண் ஏறியது. தலைமுடியில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு பருமனுள்ள இழையில் அது 491,000 இறாத்தல். அதே கண்ணாடி, 20 மடங்கு வலிமை! கட்டுமானத்துக்குப் பயன்படும் சாதாரண உருக்கைவிடப் பல மடங்கு. எங்கள் கரையோர ஊர்களில் இன்று மீன்பிடிக்கப் போகும் பைபர் போட்டுகளில் இருப்பதும் இப்படியான கண்ணாடி இழைகள்தான். விழுந்தால் உடையும் பொருளால் செய்த படகில் ஏறி அலைக்குள் போகிறார்கள் என்று சொன்னபோது என் மூத்தும்மா நம்பவே இல்லை.

இந்த ஆய்வுக் கட்டுரை 1921 இல் றோயல் சங்கத்தின் வெளியீட்டில் வந்தது. அப்போது அவருக்கு 28 வயதுகூட நிரம்பியிருக்கவில்லை. எதிர்பார்த்த வரவேற்புக் கிடைக்கவில்லை. கண்ணாடி உடைவதற்கும் எங்கள் இரும்புக்கும் என்ன சம்பந்தம் என்பதே பெரும்பாலான பொறியியலாளர்களின் எண்ணமாக இருந்தது. ஃபார்ன்பரோவில் பிற்காலத்தில் பணியாற்றிய கோர்டன் என்ற விஞ்ஞானி, அதற்கடுத்து நடந்ததைத் தன் நூலில் எழுதியிருக்கிறார். கிரிஃபித்துடன் வேலை செய்தவர் பென் லொக்ஸ்பைசர். ஒருநாள் மாலை வீட்டுக்குப் போகும்போது கண்ணாடி உருக்கும் வாயு விளக்கை அணைக்க மறந்துவிட்டார். ஆய்வுகூடத்தில் தீப்பிடித்தது. விசாரணை நடந்தது. கண்ணாடியோடு காலத்தைக் கழித்தது போதும், இனி உருப்படியான வேலையைப் பாருங்கள் என்ற தோரணையில் உத்தரவு வந்ததாம். கிரிஃபித் விமான இயந்திரங்களின் பக்கம் அனுப்பப்பட்டார். விளக்கை மறந்த லொக்ஸ்பைசர் பிற்காலத்தில் சேர் பட்டம் பெற்று நாட்டின் பெரிய விஞ்ஞான நிர்வாகிகளில் ஒருவரானார் என்பது வேறு கதை.

ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்ததற்காக ஓர் ஆராய்ச்சியையே மூடிவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. தீ ஆபத்தானது என்பது சரி. அதற்கு விளக்கை அணைக்கும் ஒழுங்கொன்றை ஏற்படுத்தியிருக்கலாமே.

புதிய இடத்திலும் அவர் சும்மா இருக்கவில்லை. அக்காலச் சுழலிகளில் தட்டுகளின் வடிவம் பிழையாக இருப்பதால் காற்று அவற்றில் ஒட்டி ஓடாமல் பிரிந்து போகிறது என்று 1926 இல் விளக்கினார். ஒவ்வொரு தட்டையும் ஒரு குட்டி விமானச் சிறகாக நினைத்து வடிவமைக்க வேண்டும் என்றார். சுழலியால் சுழலும் உந்தியுடன் கூடிய விமான இயந்திரம் அவருடைய திட்டம். பரிசோதனைகள் நல்ல விடை தந்தும் வேலை மெதுவாகவே நகர்ந்தது.

இங்கேதான் எனக்கு அவர்மீது கோபம் வரும் இடம்.

1929 இன் இறுதியில் பிராங்க் விட்டில் என்ற 22 வயது விமானப்படை அதிகாரி ஒரு யோசனையுடன் வந்தார். உந்தியே வேண்டாம். சுழலியிலிருந்து பீறிட்டு வெளியேறும் சூடான வாயுவே விமானத்தைத் தள்ளட்டும். ஜெட் இயந்திரத்தின் கதை அது. விமான அமைச்சு இளைஞனின் தாள்களைக் கிரிஃபித்திடம் அனுப்பியது, ஏனென்றால் அந்த விடயத்தில் நாட்டிலேயே அதிகம் அறிந்தவர் அவர்தான். அவர் கணக்கைப் பார்த்தார். அதில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தார். இது நடைமுறைக்கு ஒவ்வாது என்ற கருத்தைச் சொன்னார். அமைச்சு அதையே பதிலாக எழுதியது. விட்டில் 1930 ஜனவரியில் தன் கண்டுபிடிப்பைப் பதிவு செய்தார். 1935 இல் அதைப் புதுப்பிக்க 5 பவுண் கட்ட வேண்டியிருந்தது. அவரிடம் பணமில்லை, அமைச்சும் கொடுக்கவில்லை, உரிமம் காலாவதியாகிப் போனது. நண்பர்கள் சிலர் முதல் தேடிக் கொடுத்ததால் 1937 ஏப்ரல் 12 அன்று அவருடைய இயந்திரம் முதன்முறை இயங்கியது. 1941 மே 15 அன்று அது பொருத்திய விமானம் பறந்தது.

இதைப் பற்றி நானும் வகுப்புத் தோழியொருத்தியும் இடைவேளை முழுவதும் வாதாடியிருக்கிறோம். கிரிஃபித் சொன்னதில் பிழையில்லை என்பது அவளுடைய கட்சி. அந்த வெப்பத்தைத் தாங்கும் உலோகம் 1929 இல் இருக்கவில்லை. அமுக்கிகளின் திறனும் போதாது. கணக்கில் பிழை இருந்ததும் உண்மை. பரீட்சகர் பிழையைப் பிழை என்றுதானே சொல்ல வேண்டும்? இன்றைய பெரிய ஜெட் இயந்திரங்களில் இருப்பது விட்டில் பயன்படுத்திய அமுக்கி வகையன்று, கிரிஃபித் வற்புறுத்திய வகை என்பதையும் அவள் எடுத்துக்காட்டினாள். எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் எங்கள் கணித விடைத்தாளில்கூட ஒரு வரி பிழைத்தால் அந்த வரிக்குத்தான் புள்ளி போகும், சரியான முறைக்கு உரிய புள்ளி கிடைக்கும். கண்ணாடி ஆராய்ச்சி வீண்வேலை என்று மேலே இருந்தவர்களால் ஓரங்கட்டப்பட்ட மனிதருக்கு, தன் முன்னால் நின்ற 22 வயதுப் பிள்ளையின் முறை தெரியாமல் போனது எப்படி? எங்கள் வாதம் இன்னும் முடியவில்லை.

1939 ஜூனில் அவர் றோல்ஸ் ரோய்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். யோசிப்பதே அவருடைய வேலை, மற்றவர்களின் தொந்தரவு இருக்காது என்று நிறுவனத்தின் தலைமை வாக்களித்திருந்தது. முதலில் வடிவமைத்த இயந்திரம் மிகவும் சிக்கலானது, சரிவரவில்லை. பிறகு அவருடைய கருத்துகளிலிருந்து ஏவன் என்ற ஜெட் இயந்திரம் பிறந்தது. அது பல வருடங்கள் உலகெங்கும் பறந்தது. 1941 இல் றோயல் சங்கத்தின் உறுப்பினரானார்.

அந்தப் பழைய கண்ணாடிக் கட்டுரையை உலகம் தேடி எடுக்க வைத்தவை விபத்துகள். 1943 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில், கட்டி முடித்த ஷெனக்டடி என்ற எண்ணெய்க் கப்பல் துறையில் அமைதியான நீரில் கட்டியிருந்தது. புயலுமில்லை, போருமில்லை. பெருஞ் சத்தத்தோடு அது நடுவில் பிளந்தது. போர்க்காலத்தில் அவசரமாகக் கட்டிய வேறு பல கப்பல்களிலும் இதுபோன்ற வெடிப்புகள் தோன்றின. முன்னைய கப்பல்களில் தகடுகளை ஆணியடித்துப் பொருத்துவார்கள். ஒரு தகட்டில் ஓடும் வெடிப்பு அதன் விளிம்போடு நின்றுவிடும். இவற்றில் தகடுகள் உருக்கி ஒட்டப்பட்டிருந்தன, முழுக் கப்பலும் ஒரே தகடு போல. வெடிப்புக்கு நிற்க இடமில்லை. அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக்கூடத்தில் ஜோர்ஜ் இர்வின் என்பவர் கிரிஃபித்தின் கணக்கை எடுத்து, உலோகம் நெளிவதற்குச் செலவாகும் சக்தியையும் அதில் சேர்த்தார். அப்போது அது இரும்புக்கும் பொருந்தியது. வெடிப்பு முன்னேறும்போது விடுபடும் சக்திக்கு இர்வின் வைத்த குறியீடு G. எங்களுக்கு G என்றால் ஈர்ப்பு மாறிலி. பொறியியல் பீடத்துக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு G உண்டு, அது கிரிஃபித்தின் பெயரின் முதலெழுத்து.

1954 இல் இன்னும் பயங்கரமான செய்தி வந்தது. உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான கொமெட், ஜனவரி 10 அன்றும் ஏப்ரல் 8 அன்றும் இத்தாலிக்கு அருகே கடலில் விழுந்தது. இரண்டிலும் சேர்த்து 56 பேர் இறந்தார்கள். காரணத்தைத் தேடும் பொறுப்பு ஃபார்ன்பரோவுக்கு வந்தது, கிரிஃபித் கண்ணாடி உடைத்த அதே நிலையத்துக்கு. இன்னொரு கொமெட்டின் உடலைப் பெரிய நீர்த்தொட்டிக்குள் இறக்கி, உள்ளே அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் ஆயிரக்கணக்கான பறப்புகளைப் போலச் செய்து பார்த்தார்கள். ஜூனில் ஒருநாள் அது கிழிந்தது. ஜன்னல் மூலைக்கருகே இருந்த ஒரு சிறு துளையின் ஓரத்தில் தொடங்கிய வெடிப்பு அது. ஒவ்வொரு பறப்பிலும் சிறிது சிறிதாக நீண்டு, தன் எல்லையைத் தாண்டிய கணத்தில் விமானத்தைக் கிழித்துவிட்டது. இப்போது விமானமொன்று பரிசோதிக்கப்படும்போது, வெடிப்பே இல்லை என்று எவரும் நம்புவதில்லை. வெடிப்பு இருக்கிறது, எவ்வளவு நீளம், எல்லையைத் தொட இன்னும் எத்தனை பறப்பு என்றே கணக்கிடுகிறார்கள்.

அந்த வருடம் கிரிஃபித் வெடிப்புகளை விட்டு வெகுதூரம் போய்விட்டிருந்தார். ஓடுபாதையே இல்லாமல் நேராக மேலெழும்பும் விமானம் வேண்டும் என்பது அவருடைய கடைசிக் கனவு. சிறகும் இல்லாமல் உடலும் இல்லாமல், இரண்டு ஜெட் இயந்திரங்களையும் நான்கு கால்களையும் குழாய்ச் சட்டத்தில் பூட்டிய ஒரு விநோத உருவத்தைச் செய்தார்கள். பார்த்தவர்கள் அதற்குப் பறக்கும் கட்டில் என்று பெயர் வைத்தார்கள். 1954 ஆகஸ்ட் 3 அன்று அது கட்டுக் கயிறுகளின்றி மேலே கிளம்பிச் சில நிமிடங்கள் அந்தரத்தில் நின்றது. கிரிஃபித் 1960 இல் ஓய்வுபெற்று, 1963 ஒக்டோபர் 13 அன்று, தன் 70 ஆவது வயதில் காலமானார்.